மரத்துப்போகும் கையும் நிலமுடையோர் கடமையும்

நுகத்தடி உராய்ந்து மாட்டின் கழுத்தில் மயிர் உதிர்ந்திருக்கக் கண்டால், நல்ல குடியானவர் அன்றைய உழவை நிறுத்தி, எண்ணெய் தடவி, நுகத்தடியைச் சரிசெய்த பிறகே மறுபடி ஏர் பூட்டுவார். புண் பழுத்து நாறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் இருப்பதில்லை. பம்புசெட்டில் புதிதாக ஓர் ஓசை கேட்டாலும் அன்றே மெக்கானிக்கை அழைக்கிறார்கள். ஆனால் அதே பண்ணையில் கதிர் அறுக்கும் கையும் பால் கறக்கும் கையும் இரவில் மரத்துப்போகின்றன என்று ஒருவர் சொன்னால், அது வயதின் குற்றம் என்றும், வாயு என்றும், குளிர்ந்த பதார்த்தம் உண்டதன் பலன் என்றும் கூறி விட்டுவிடுவது வழக்கமாயிருக்கிறது. இவ்வழக்கம் மாற வேண்டும்.

இரவில் விரல்கள் மரத்துப்போவது பல சமயங்களில் ஒரு குறிப்பிட்ட நோயின் முதல் அறிகுறியாகும். ஆரம்பத்திலேயே கவனித்தால் பலருக்கு அது இரவில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டையாலேயே தணிந்துவிடும். வருஷக் கணக்கில் விட்டுவிட்டால், கட்டைவிரலின் வலிமை திரும்பாத அளவுக்குக் கெட்டுப்போகும். ஆகையால் இதை நோயாளியின் சொந்த விஷயம் என்று ஒதுக்காமல், பண்ணை நிர்வாகத்தைச் சேர்ந்த விஷயமாகவே நிலமுடையோர் கருத வேண்டும்.

நோயின் தன்மை

இந்நோயை மருத்துவர்கள் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்று வழங்குவர். தமிழில் மணிக்கட்டுக் குகை நோய் எனலாம். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் ஒரு வாய்க்காலின் தரையும் கரையும் போல அமைந்திருக்கின்றன. அவ்வாய்க்காலின் மேல், உள்ளங்கைப் பக்கத்தில், தடித்த நார்ப்பட்டை ஒன்று குறுக்கே மூடியிருக்கிறது. இந்தக் குறுகிய வழியே விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், அவற்றோடு நடுநரம்பு எனப்படும் ஒரே ஒரு நரம்பும் செல்கின்றன. எலும்பும் விரிந்து கொடுக்காது, நார்ப்பட்டையும் எளிதில் நெகிழாது. ஆதலால் உள்ளே வீக்கமோ நீர்க்கோவையோ ஏற்பட்டால், மிருதுவான நரம்பே நசுங்குகிறது.

கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றுக்கும், மோதிரவிரலில் நடுவிரலை ஒட்டிய பாதிக்கும் உணர்ச்சியைத் தருவது இந்த நடுநரம்பு. கட்டைவிரலின் அடியில் மேடாகத் திரண்டிருக்கும் தசையின் பெரும்பகுதியை இயக்குவதும் அதுவே. சுண்டுவிரலுக்குச் செல்லும் நரம்பு வேறு. அது இந்தக் குகைக்குள் புகுவதில்லை. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால், கிராமத்திலிருக்கும் எவரும் இந்நோயைச் சந்தேகிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

மணிக்கட்டை மடக்கும்போதும், பின்னால் வளைக்கும்போதும் குகைக்குள் அழுத்தம் ஏறுகிறது. 1981 ஆம் ஆண்டு அமெரிக்காவில் கெல்பர்மன் என்பவரும் அவருடைய துணைவர்களும் இதை அளந்து வெளியிட்டனர். மணிக்கட்டு நேராக இருக்கும்போது, நோயற்றவர்களின் குகையில் அழுத்தம் சராசரி 2.5 மில்லிமீட்டர் பாதரச அளவே இருந்தது. நோயாளிகளுக்கு அது 32 ஆக இருந்தது. நோயாளிகள் மணிக்கட்டை உள்நோக்கி மடக்கியபோது 94 ஆகவும், பின்னோக்கி வளைத்தபோது 110 ஆகவும் உயர்ந்தது. தூங்கும்போது மனிதர் தம்மை அறியாமலே கையை மடக்கித் தலைக்கடியிலோ மார்போடோ வைத்துக்கொள்கிறார்கள். பகலெல்லாம் உழைத்த கை, ஓய்வெடுக்கும் இரவில்தான் அதிகமாகத் தொந்தரவு செய்கிறது என்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இந்நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. மணிக்கட்டு எலும்பு முறிந்த பின் நடுநரம்பு நசுங்கியதை 1854 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஜேம்ஸ் பாஜெட் என்ற அறுவை வைத்தியர் எழுதிவைத்தார். 1913 இல் பிரான்சில் பியேர் மாரி, ஷார்ல் ஃபுவா என்னும் இருவர், கட்டைவிரல் மேடு வற்றிப்போன ஒருவரின் கையை அவர் இறந்த பின் அறுத்துப் பார்த்தனர். நார்ப்பட்டையின் கீழே நரம்பு இளைத்திருந்ததையும், அதற்குச் சற்று மேலே பருத்திருந்ததையும் கண்டனர். நோயை ஆரம்பத்திலேயே அறிந்து பட்டையை வெட்டிவிட்டால் இக்கேட்டைத் தடுக்கலாம் என்று அவர்கள் அப்போதே கருதினர். 1950 ஆம் ஆண்டு முதல் அமெரிக்க வைத்தியர் ஜார்ஜ் ஃபேலன் தொடர்ந்து எழுதி இந்நோயை எங்கும் அறியச் செய்தார். ஆரம்பத்தில் கவனிப்பதே மேல் என்ற கருத்துக்கு நூறு வயது கடந்துவிட்டது. ஆயினும் கிராமங்களுக்கு அது இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

எவருக்கு வருகிறது

எல்லா நோயாளிகளுக்கும் வேலையினால்தான் இந்நோய் வந்தது என்று சொல்லுதல் தவறு. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நடுவயதைக் கடந்தவர்களுக்கும் இது மிகுதியாக வருகிறது. நீரிழிவு உள்ளவர்கள், தைராய்டு சுரப்பு குறைந்தவர்கள், முடக்குவாதம் உள்ளவர்கள், உடல் பருத்தவர்கள், முன்பு மணிக்கட்டு முறிந்தவர்கள் ஆகியோருக்கு இது எளிதில் உண்டாகிறது. கர்ப்பிணிகளுக்கு உடலில் நீர் கோத்துக்கொள்வதால் வருவதுண்டு. அது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானே தணிந்துவிடும். கை மரத்துப்போகிறது என்று வைத்தியரிடம் சென்ற இடத்தில், தமக்கு நீரிழிவு இருப்பதையே முதன்முதலாக அறிந்துகொள்பவர்களும் உண்டு.

எனினும் வேலையின் பங்கைக் குறைத்துச் சொல்வதற்குமில்லை. மணிக்கட்டை வளைத்து, இறுகப் பிடித்து, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதும், அதிரும் கைப்பிடியை நெடுநேரம் பற்றியிருப்பதும் நோயை வரவழைக்கவும் வளர்க்கவும் கூடியவை. பால் கறக்கும் தொழிலாளரிடம் இந்நோய் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவதைப் பிற நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. பிரிட்டனில் அதிர்வுக் கருவிகளைக் கையாளுவோருக்கு வரும் மணிக்கட்டுக் குகை நோயை 1993 ஆம் ஆண்டு தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள்.

தமிழ்நாட்டுக் குடியானவரின் வேலைகளில் இவ்விரண்டு வகைக்கும் குறைவில்லை. கதிரறுப்பும், கைக்களை எடுப்பதும், பருத்தி எடுப்பதும், மல்லிகை பறிப்பதும், கடலைச் செடியிலிருந்து காய் ஆய்வதும், மாடு கறப்பதும் முதல் வகையைச் சேர்ந்தவை. பவர் டில்லர், களை வெட்டும் பிரஷ் கட்டர், மரம் அறுக்கும் மோட்டார் ரம்பம் ஆகியவை இரண்டாம் வகை. முதல் வகை வேலைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. அவர்கள் வீட்டுக்குத் திரும்பிய பின்னும் துணி துவைத்தல், பிழிதல், பாத்திரம் துலக்குதல் என்று அதே மணிக்கட்டுக்கு வேலை கொடுக்கிறார்கள். அதிர்வுக் கருவிகளைப் பிடிப்பவர் பல இடங்களில் நிலமுடையவரோ அவருடைய மகனோதான். ஆகையால் இது கூலியாட்களின் நோய் மட்டுமே என்று எவரும் எண்ண வேண்டாம்.

கண்டறியும் வகை

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. நடுராத்திரியில் கை மரத்தோ, எறும்பு ஊர்வது போலவோ, எரிந்தோ தூக்கம் கலைகிறதா? அப்போது கையை உதறினால் தணிகிறதா? மரப்பது கட்டைவிரலிலிருந்து மோதிரவிரல் வரையிலா, சுண்டுவிரலிலுமா? முதல் இரண்டுக்கும் ஆம் என்று விடை வந்து, சுண்டுவிரல் மட்டும் நன்றாயிருக்குமானால், இந்நோயைப் பலமாகச் சந்தேகிக்கலாம். மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்திருக்கும்போதோ, தொலைபேசியைக் காதில் வைத்திருக்கும்போதோ விரல்கள் மரப்பதும் ஓர் அறிகுறி.

ஃபேலன் வகுத்த எளிய சோதனை ஒன்றுண்டு. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் தரையைப் பார்க்கும்படி, மணிக்கட்டுகளை முழுதும் மடக்கி ஒரு நிமிஷம் வைத்திருக்க வேண்டும். அதற்குள் மேற்கூறிய விரல்கள் மரக்கத் தொடங்கினால் நோய் இருக்கக்கூடும். மரக்காததால் நோயே இல்லை என்று தீர்மானித்துவிடுவதும் கூடாது. முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவரே. தேவையானால் அவர் நரம்புக் கடத்தல் சோதனைக்கு அனுப்புவார். நரம்பு எங்கே, எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பது அதில் தெரியும்.

கை மரத்துப்போகும் பிற நோய்களும் உண்டாகையால் எச்சரிக்கை வேண்டும். தோலில் நிறம் வெளிறியோ சிவந்தோ உணர்ச்சியற்ற தேமல் இருந்தாலும், சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்து மடங்கத் தொடங்கினாலும் அது தொழுநோயாயிருக்கலாம். அதற்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக மருந்து கிடைக்கிறது. தாமதிப்பது அங்கும் பெருங்கேடு. இரு பாதங்களும் முதலில் மரத்துப் பிறகு கைக்கு ஏறினால், நீரிழிவினால் நரம்பு கெட்டிருக்கலாம். கழுத்தை அசைக்கும்போது வலி கை முழுவதும் இறங்கினால் கழுத்தெலும்பைப் பார்க்க வேண்டும். திடீரென்று ஒரு பக்கத்துக் கை, கால் இரண்டும் செயலற்று, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். அதில் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தாமதத்தின் விலை

ஆரம்பத்தில் இரவில் மட்டும் வந்து போகும் மதமதப்பு, பிறகு பகலிலும் வருகிறது. அடுத்து, விரல் நுனிகள் எப்போதும் மரத்தே இருக்கும். சட்டைப் பொத்தானைப் போடவும், ஊசியில் நூல் கோக்கவும், நாணயங்களைத் தடவிப் பார்த்துப் பிரிக்கவும் இயலாது. கையிலிருப்பது தானே நழுவி விழும். கடைசியில் கட்டைவிரலின் அடியிலுள்ள மேடு வற்றித் தட்டையாகிறது. அந்நிலையில் கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே நிறுத்திப் பிடிக்கும் சக்தி குறைந்துவிடும். பிறகு அறுவை செய்தாலும் வற்றிய தசை முழுதும் திரும்பும் என்று சொல்வதற்கில்லை.

இங்கே ஒரு மயக்கத்தைக் குறிப்பிடுதல் அவசியம். நோய் முற்றும்போது சிலருக்கு வலி குறைந்துவிடுகிறது. நோய் போய்விட்டது என்று அவர்கள் மகிழ்கிறார்கள். உண்மையில் வலியைச் சொல்லும் நரம்பே அடங்கிப்போயிருக்கக்கூடும். உணர்ச்சியற்ற விரல் சுடுபாத்திரத்தை அறியாது. அரிவாளின் கூர்மையை அறியாது. தட்டை நறுக்கும் இயந்திரத்தில் தீவனத்தைத் தள்ளும்போது, விரல் எவ்வளவு தூரம் உள்ளே போயிற்று என்பதையும் சரியாக அறியாது. பண்ணையில் நேரும் வெட்டுக்காயங்களையும் தீப்புண்களையும் விசாரிக்கும்போது, அந்தக் கை முன்பே மரத்திருந்ததா என்று கேட்டால் பல உண்மைகள் வெளிவரும்.

சிகிச்சை முறைகள்

ஆரம்ப நிலையில் முதல் சிகிச்சை, இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை அணிவதாகும். உள்ளே தகடு வைத்துத் தைத்த மணிக்கட்டுப் பட்டைகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. அது மணிக்கட்டை முன்னும் பின்னும் வளையாமல் நேர்நிலையில் நிறுத்த வேண்டும். விரல்கள் தாராளமாக அசைய இடம் விட வேண்டும். இறுக்கிக் கட்டுதல் கூடாது. இறுக்கினால் குகையின் அழுத்தம் மேலும் ஏறும். ஆறு வாரமாவது இரவுதோறும் தவறாமல் அணிய வேண்டும். இரண்டு நாள் கட்டிப் பார்த்துப் பயனில்லை என்று எறிந்துவிடுபவர்கள் சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகமாட்டார்கள்.

பட்டையால் தணியாதவர்களுக்கு மருத்துவர் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. அது முதல் சில வாரங்களில் பட்டையைவிட விரைவாகச் சுகம் தருகிறது. ஆனால் பலருக்குச் சில மாதங்களில் தொந்தரவு திரும்பலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறக்கூடுமாதலால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நோய் தணியாமல் நீடித்தாலும், எப்போதும் மரப்பு இருந்தாலும், தசை வற்றத் தொடங்கினாலும் அறுவையே வழி. குறுக்கேயுள்ள நார்ப்பட்டையை வெட்டி நரம்புக்கு இடம் உண்டாக்குவதுதான் அந்த அறுவை. பெரும்பாலும் கையை மட்டும் மரக்கச் செய்து முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரவு மதமதப்புப் பலருக்குச் சில நாட்களிலேயே நின்றுவிடும். விரல்களைச் சீக்கிரமே அசைக்கலாம். ஆனால் மண்வெட்டி பிடிப்பது போன்ற பலத்த வேலைக்கு ஏறக்குறைய ஆறு வாரமோ அதற்கு மேலோ பொறுக்க வேண்டும். பிடியின் பலம் முழுதும் திரும்பச் சில மாதங்கள் ஆகும். அவசரமில்லாதவர்கள் சம்பா அறுவடை முடிந்து வேலை ஓய்ந்திருக்கும் கோடையில் இதற்கு நாள் குறித்துக்கொள்ளலாம். கட்டைவிரல் மேடு வற்றத் தொடங்கியவர்கள் பருவத்தைப் பார்த்துத் தள்ளிவைத்தல் கூடாது.

இவற்றோடு நீரிழிவையும் தைராய்டுக் குறையையும் கண்டுபிடித்து அடக்குவது இன்றியமையாதது. நரம்புச் சத்து மாத்திரை என்று பலர் தாமே வாங்கி விழுங்கும் வைட்டமின் பி6 இந்நோயைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான ஆதாரமில்லை; பெரிய அளவில் நெடுநாள் உண்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். வலி மாத்திரையை மாதக் கணக்கில் உண்பது நரம்பின் நசுக்கத்தைத் தீர்க்காது. வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மணிக்கட்டில் கயிற்றை இறுக்கிக் கட்டுதலும், சூடு போடுதலும், எண்ணெய் விட்டு பலமாக உருவி நெட்டி முறித்தலும் விட்டொழிக்க வேண்டிய வழக்கங்கள்.

ஆட்சேபங்களுக்கு விடை

நிலமுடையோர் சிலர் இவ்வாறு கூறக்கூடும்: “ஆள் கிடைப்பதே அரிதாயிருக்கிறது. கை வலிக்கிறதா, மரக்கிறதா என்று விசாரிக்கப் போனால், எல்லாருமே ஆம் என்று சொல்லி உட்கார்ந்துகொள்வார்கள்.” இது சரியன்று. முதல் சிகிச்சை இரவில் தூங்கும்போது செய்யப்படுவது. அதற்காக ஒரு நாள் வேலையும் கெடுவதில்லை. வேலை கெடுவது, கவனிக்காமல் விட்ட பிறகுதான். அப்போது ஆறு வாரம் போகும். சிலருக்குப் பழகிய கையின் திறமையே போய்விடும். ஆள் பற்றாக்குறையை எண்ணிக் கவலைப்படுபவர்கள், இருக்கிற கைகளைக் காப்பாற்றிக்கொள்வதில்தான் முதலில் கருத்துச் செலுத்த வேண்டும்.

வேலைக்கு வரும் பெண்களிடத்திலோ இதற்கு நேர்மாறான அச்சம் இருக்கிறது. கை மரக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் அடுத்த நாள் நடவுக்கும் அறுப்புக்கும் தம்மைக் கூப்பிடமாட்டார்கள் என்று அஞ்சி அவர்கள் மறைக்கிறார்கள். கொத்தாகக் கூலி பேசி வேலை செய்யும் குழுவில், ஒருத்தியின் கை மந்தமானால் மற்றவர்களுக்கும் மனத்தாங்கல் உண்டாகிறது. ஆகவே நோய் முற்றிய பிறகே அது வெளியே தெரிகிறது. இந்த அச்சத்தைப் போக்கும் சக்தி நிலமுடையவர் ஒருவருக்கே உண்டு. கை மரக்கிறது என்று சொன்ன ஆளை நீக்கிவிடாமல், வேறு வேலைக்கு மாற்றுவேன் என்று அவர் ஒரு முறை சொல்லி, சொன்னபடி நடந்தும் காட்டினால், மற்றவர்கள் மறைக்கமாட்டார்கள்.

அறுவை செய்தால் கை விழுந்துவிடும் என்பது இன்னோர் அபிப்பிராயம். எந்த அறுவையிலும் சிறிது அபாயம் உண்டு. வெட்டிய இடத்தில் சில மாதம் நோவிருப்பதும் சகஜமே. ஆனால் விழுந்த கைகளென்று கிராமத்தில் காட்டப்படுபவற்றுள், தசை வற்றிய பிறகு மிகத் தாமதமாக அறுவைக்குப் போன கைகளும் உண்டு. அங்கே குற்றம் தாமதத்தினுடையது.

பண்ணையில் செய்யத்தக்கவை

மாடு கறப்பதில் கட்டைவிரலை மடக்கிக் காம்பை அதன் மேல் வைத்து அழுத்தும் முறையை விட்டு, முழுக்கையால் காம்பைப் பற்றிக் கறக்கும் முறையைப் பழக வேண்டும். மடக்கிக் கறப்பது காம்பையும் புண்படுத்துவதென்று கால்நடை வைத்தியர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். முழுக்கை முறையில் மாட்டின் காம்புக்கும் மனிதரின் கட்டைவிரலுக்கும் ஒருங்கே நன்மை உண்டு. பல மாடுகளை ஒருவரே கறக்காமல் இருவர் பகிர்ந்துகொள்ளலாம். வசதியுள்ளவர்கள் கறவை இயந்திரம் வைத்துக்கொள்ளலாம்.

அரிவாள் மழுங்கினால் பிடியும் இழுப்பும் பலக்கின்றன. ஆகையால் கருவியைக் கூராக வைத்துக்கொடுப்பது நிலமுடையவர் வேலை என்று கொள்ள வேண்டும். போபாலிலுள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் போன்றவை சீர்திருத்தி வெளியிட்ட பல் அரிவாள்கள், இலேசாகவும் பிடிக்க வசதியாகவும் இருப்பவை. மெல்லிய பிடியுள்ள அரிவாளுக்கும் களைக்கொத்துக்கும் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றிப் பருமனாக்கினால், விரல்களை இறுக்கும் சிரமம் குறையும். இதற்குச் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

வரிசை நடவு நட்ட வயலில் கோனோ வீடர் முதலிய உருளும் களைக் கருவிகளை உபயோகித்தால் கைக்களை எடுக்கும் நாட்கள் குறையும். கதிரறுப்புக்கு வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் இயந்திரங்களையும் விசாரிக்கலாம். பவர் டில்லரையும் பிரஷ் கட்டரையும் ஒருவரே நாள் முழுதும் பிடிக்காமல் ஆள் மாற்ற வேண்டும். கைப்பிடியின் ரப்பர் உறை தேய்ந்தால் மாற்ற வேண்டும். தளர்ந்த திருகுகளையும் மொட்டையான கத்திகளையும் சரிசெய்தால் அதிர்வு குறையும்.

ஒரே அசைவுள்ள வேலையை ஒருவருக்கே காலை முதல் மாலை வரை கொடுத்தல் நன்றன்று. காலையில் கடலை ஆய்ந்தவரை மதியத்துக்குப் பின் கட்டுச் சேர்க்கவோ, நீர் பாய்ச்சவோ, உலர்த்தவோ வைக்கலாம். மணிக்கு ஒரு முறை சிறிது நேரம் கையைத் தளர்த்தி நிமிர்ந்துகொள்ள விடுவதால் வேலை குறைந்துபோகாது. இம்முறைகள் நோயை அடியோடு ஒழித்துவிடும் என்று சொல்வதற்கில்லை. மணிக்கட்டின் வளைவையும் பிடியின் இறுக்கத்தையும் இவை குறைக்கின்றன என்பது நிச்சயம்.

கிராம அலுவலர்கள் செய்யத்தக்கவை

கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் உதவி வேளாண்மை அலுவலரும் குடியானவர்களைக் கூட்டமாகச் சந்திக்கும் சந்தர்ப்பங்கள் ஆண்டில் பல உண்டு. கிராம சபை கூடும் நாளில், கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து, மேற்கூறிய மூன்று கேள்விகளையும் கூட்டத்தில் கேட்கச் செய்யலாம். ஆம் என்பவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, கையோடு சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளச் சொல்லலாம். 2021 ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களைச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று பார்க்கலாயினர். அத்தகைய பணியாளரிடம் கை மரத்தலையும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கும்படி குடும்பங்களுக்கு அறிவுறுத்துவது எளிது.

கைநாட்டு வைக்கும் முதியோரிடமும், பத்திரத்தில் கையொப்பமிடத் திணறுவோரிடமும் அலுவலர்கள் சற்றுக் கவனம் செலுத்தலாம். பேனாவைப் பிடிக்க முடியாத கை, கட்டைவிரல் மேடு தட்டையான கை ஆகியவை அவர்களுடைய மேசையின் மீதே வந்து விழுகின்றன. எழுத்தறியாமை என்று எண்ணப்படுவது சில வேளை நோயாகவும் இருக்கக்கூடும். அவரிடம் இரவில் கை மரக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்பதால் அலுவல் தடைப்படாது.

பருவம் முடிந்து கூலி கணக்குத் தீர்க்கும் நாளில், பணத்தை எண்ணிக் கொடுக்கும்போதே ஒவ்வொருவரிடமும் இரவில் விரல் மரக்கிறதா என்று நிலமுடையவர் கேட்கலாம். மரக்கிறது என்பவருக்கு ஒரு மணிக்கட்டுப் பட்டையை வாங்கிக் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைத்தால், அந்தக் கை அடுத்த நடவுக்கும் வயலில் இறங்கும். வீட்டில் மாடு கறக்கும் மனைவியிடமும் மருமகளிடமும் அதே கேள்வியை முதலில் கேட்டுவிட்டு வருவது உத்தமம்.